டைம்கீப்பரின் இரண்டு டிஸ்க்

பதினாலு வருஷமாக ஏசி மெக்கானிக்குக்குத் தன் அக்காள் புருஷன் மேல் ஒரு கோபம். ஊரில் பாதி வீட்டு மெஷின் அவன் கை பட்டுத்தான் ஓடுகிறது. அக்காள் வீட்டில் அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிற கறுப்புப் பெட்டியை மட்டும் தொட விடமாட்டார் மனுஷன்.

"டேய், தள்ளி நில்லு. தட்டி ஓட்டுறதுக்கு இது உன் கம்ப்ரஸர் இல்ல."

மாமா கல் அரைக்கும் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தவர். யார் எப்போது வேலைக்கு வந்தார்கள் என்று பதிகிற வேலை. தூசி நெஞ்சில் இறங்கி ஆட்கள் ஒவ்வொருவராகச் சாய ஆரம்பித்ததும், கம்பெனி பழைய வருகைப் பதிவேடுகளைக் கொளுத்திவிட்டு, இவர்கள் யாரும் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கைவிரித்தது. கொளுத்துவதற்கு முன்பே மாமா பக்கம் பக்கமாகப் படம் பிடித்திருந்தார். அந்தப் படங்களைச் சேமித்து வைத்த கம்ப்யூட்டர் பெட்டிதான் அது. முப்பத்தோரு பேர் அங்கே உழைத்ததற்கு அதில் இருந்ததுதான் ஒரே சாட்சி. நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் முதல் வக்கீல் கம்பெனிப் பக்கம் சாய்ந்த நாளிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து வெளியே கொடுக்க அவருக்கு எவன் மேலும் நம்பிக்கை வரவில்லை.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சின்ன டெஸ்ட். மாதம் பிறந்தால் பெரிய டெஸ்ட், அது முடியப் பத்து மணி நேரம். எத்தனை இடம் கெட்டிருக்கிறது, சூடு எவ்வளவு, எல்லாம் பெட்டி மேல் ஒட்டிய தாளில் பென்சிலால் ஏறும்.

"மேல் டிஸ்க்ல எட்டு இடம் போச்சுடி. மாத்துறதுக்குப் புதுசு வாங்கி வச்சிட்டேன்."

"உங்க நெஞ்சுல எத்தனை இடம் போச்சுன்னு ஒரு நாளாவது எழுதினீங்களா?" என்றாள் அக்காள்.

அதை ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். மூக்கில் குழாய் மாட்டிய மூன்றாம் நாள், வீட்டில் பெட்டி கத்த ஆரம்பித்தது. அக்காள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"காலைலேர்ந்து கீகீன்னு கத்துதுடா, தலை வெடிக்குது. அவர்கிட்ட எதுவும் கேட்காத. மூச்சு விடவே முடியல அவருக்கு."

மெக்கானிக் போனான். அவன் தொழிலில் சத்தம்தான் புகார். சத்தம் நின்றால் கஸ்டமர் கையெழுத்துப் போட்டுவிடுவார். மூடியைக் கழற்றி, ஊதலுக்குப் போகிற சின்ன வயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினான். பெட்டி கப்சிப்.

"இதுக்கா உன் புருஷன் இத்தனை வருஷம் வித்தை காட்டினாரு?" என்றான். அக்காளும் சிரித்தாள்.

அன்று செத்தது மேல் டிஸ்க். மற்றது தனியாளாக மூன்று வாரம் ஓடி, அதுவும் போனது. கத்திச் சொல்லத்தான் வழியில்லையே.

வீடு திரும்பிய மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். நறுக்கிய வயர் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். ரிப்பேர்க் கடைக்காரன் இரண்டு டிஸ்க்கையும் நாலு நாள் வைத்திருந்துவிட்டு, "உள்ள தகடே உரசிப் போச்சுங்க, ஒண்ணும் எடுக்க முடியாது" என்று கையில் கொடுத்தான்.

"அஞ்சு நிமிஷ வேலைடா. புது டிஸ்க்கைச் சொருகியிருந்தா போதும்," என்றார் மாமா.

"ஒரு நாளாவது சொல்லித் தந்தீங்களா மாமா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் மெக்கானிக்குக்குச் சோறு இறங்கியிருக்கும்.

விசாரணைக்கு ஒரு மாதம் இருந்தது. மாமாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. கடைசி நாள் மத்தியானம் அவனைக் கூப்பிட்டு, முப்பத்தோரு பேர் விலாசம் எழுதிய தாளை நீட்டினார். அதில் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"படமெல்லாம் போச்சுன்னு எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிடு. கோர்ட்டுல வந்து நின்னு தெரிஞ்சுக்கக் கூடாது. போன்ல சொல்லாத. வாசல்லயே சொல்லிட்டு ஓடியும் வந்துடாத. உள்ள போய் உக்காந்து சொல்லு. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்காத."