டிரஸ் பார்த்த விரல்

போன சனிக்கிழமை விருதுநகர்த் துணிக்கடை ஒன்றில் பதினான்கு படி ஏறி மூச்சு வாங்கி நின்றேன். கடைப்பெண், "என்ன டிரஸ் பாக்கீக தாத்தா?" என்றாள். என்ன டிரஸ் என்று சொல்வது? அந்தச் சொல்லுக்கு நானே ஆறு அர்த்தம் எண்ணி வைத்திருக்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் டிரஸ் என்றால் தங்கச்சியின் கவுன் மட்டும்தான். என் சட்டை வெறும் சட்டை. தீபாவளிக்கு "டிரஸ் எடுத்தாச்சா?" என்றால் அப்பாவின் வேட்டியும் அதில் சேர்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ். நாடகத்தில் ராஜாவின் ஜிகினா அங்கி. ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது. ஆறாவதுதான் எனக்குச் சோறு போட்டது.

விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். காலையில் பெண்கள் வரிசையாக வந்து, "டிரஸ் பாருங்க அண்ணாச்சி" என்று முந்தியை நீட்டுவார்கள். இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பேன். பருத்தி என்றால் உள்ளே, நைலான் என்றால் வீட்டுக்கு. நைலான் உரசினால் பொறி வரும். வெடிமருந்து கலக்கும் அறைக்குப் பொறி ஒன்று போதும். சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி, தூரத்து டீக்கடை அடுப்பில் காட்டுவோம். சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டால் கலப்படம். "கல்யாண வீட்டுலயும் முந்தியப் பிடிச்சுத்தான் பாப்பீகளோ?" என்று திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள். போனவர்கள் உயிரோடு போனார்கள்.

இப்போது பக்கத்து வீட்டு மாரிக்கு அதே கம்பெனியில், அதே மருந்து அறையில் வேலை. "காட்டன் டிரஸ்தான் மாமா" என்று விருதுநகர்க் கடையில் எடுத்த புதுச் சுடிதாரைக் காட்டினாள். கழுத்துப் பட்டையில் கொட்டை எழுத்தில் காட்டன் என்றுதான் இருந்தது. விரல் நம்பவில்லை. நூலைக் கொளுத்தினேன். கறுப்பாக உருண்டது. சுடிதாரைப் பையில் போட்டுக்கொண்டுதான் அந்தப் பதினான்கு படியும் ஏறினேன்.

சுடிதாரை எடுத்து நீட்டி, நூல் உருண்டதைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். "காட்டன் மாதிரி சார். இப்ப எல்லாம் அப்படித்தான்."

"மாதிரியா? அந்தப் பிள்ளை மருந்து அறையில உக்காரப் போகுதுய்யா!"

"அத நீங்க மொதல்லயே சொல்லணும்."

எதற்குச் சொல்ல வேண்டும்? காட்டன் என்று எழுதியது நானா?

வீட்டுக்கு வந்து, செத்துப்போன என் மனைவியின் பெட்டியிலிருந்து ஒரு பருத்திச் சேலை எடுத்துக் கொடுத்தேன். "கெளவி சேலையா மாமா? வேன்ல எல்லாரும் சிரிப்பாக" என்றாள் மாரி. ஆனாலும் திங்கட்கிழமை அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவளை நிறுத்திக் கேட்டேன். "கேட்ல டிரஸ் பாத்தது யாரு?"

"யாரும் பாக்கல மாமா. அங்கன ஒரு மிசினு இருக்கு. வெரல வச்சா பச்ச லைட்டு எரியுது, உள்ள போயிரலாம்."

என் விரல் துணியைத் தொட்டுப் பார்த்த இடத்தில் இப்போது மிசின் விரலைத் தொட்டுப் பார்க்கிறது. துணியை யாரும் தொடுவதில்லை. பெட்டியைத் திறந்து எண்ணினேன். பருத்திச் சேலை இன்னும் ஏழு இருக்கிறது.