தட்டில் வைக்காத தாலி

நர்ஸ் கத்தரிக்கோலை எடுப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஆபரேஷனுக்குப் போகும்போது உடம்பில் ஒரு பொட்டுத் தங்கம் இருக்கக்கூடாது என்றாள். தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றிக் கொடுத்தேன். தாலிக்கயிறு குட்டை, தலை வழியாக வராது. முடிச்சோ வருஷக்கணக்காக மஞ்சள் பூசிப் பூசிக் கல்லாகியிருந்தது. ஒரு நிமிஷம் இழுத்துப் பார்த்தாள். அப்புறம் நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

தாலிக்கயிற்றை எப்போது அறுப்பார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் பாட்டுக்கு அதை என் வீட்டுக்காரர் கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துச் சோதித்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியும் என டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கவலை வந்தால் தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். மண்ணூர்பேட்டைப் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். எது வந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஆத்தா பாத்துக்குவா, நீ தூங்கு." பட்டறையில் ஆள் குறைத்தபோதும் அதுதான். காட்டுப்பாக்கம் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்து கட்டில் மேல் உட்கார்ந்திருந்தபோதும் அதுதான். சொல்லிவிட்டுக் குறட்டை விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்தக் குறட்டையைக் கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் நானும் கண்ணை மூடினேன்.

தாலியைப் பையில் போட்டு வைக்கக்கூடாது, கரையான்சாவடியில் புதுக் கயிறு வாங்கிக் கோத்து அம்மன் காலடியில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் வைத்தாயிற்றா என்று கேட்டேன். அதற்கும் தலையாட்டினார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். அந்த வெயிலில் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தியேட்டரில் படுக்கவைத்து விளக்கைப் போட்டதும் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஒன்றுமில்லை. பயத்திலேயே செத்துவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்று தெரிந்ததும் கை சும்மா நெஞ்சின் மேல் கிடந்தது. அம்மா, என் எல்லாமும் உன் காலடியில் இருக்கிறது, இனி நீ பார்த்துக்கொள் என்றேன். இத்தனை வருஷம் விளக்கேற்றியதில் ஒரு நாளும் அப்படி மனசாரச் சொன்னதில்லை. சொன்னதும் வந்த நிம்மதி எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

கண் விழித்தபோது வார்டில் இருந்தேன். வீட்டுக்காரர் குனிந்து ஈரப் பஞ்சால் என் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேல் பொத்தான் திறந்திருந்தது. சட்டைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கயிறு வெளியே சரிந்து என் முகத்துக்கு நேரே ஆடியது. அதில் என் தாலி.

மயக்கம் தெளியவில்லை என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடித் திறந்தேன். அங்கேயேதான் இருந்தது. ஆம்பளை கழுத்தில் தாலி. இதைக் கட்டிக்கொண்டா டீக்கடையிலும் மருந்துக் கடையிலும் நின்றார் இந்த மனுஷர்? அம்மன் காலடியில் இருப்பதாக நான் நம்பி ஒப்படைத்தது அத்தனை நேரமும் இவர் சட்டைக்குள் இருந்திருக்கிறது.

இன்னா இது என்று கேட்டேன். குரல் சரியாக எழும்பவில்லை, வாயசைவிலேயே அவருக்குப் புரிந்தது.

"கோயிலாண்ட போனேன். பூசாரி தட்ட நீட்னாரு. வெக்க கை வர்ல. அங்க வெச்சிட்டா நீ திரும்பி வரமாட்டியோன்னு ஆயிட்ச்சு."

ஆத்தா பாத்துக்குவா என்று வாய் ஓயாமல் சொன்னது என்னாயிற்று என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "அது உன்னத் தூங்க வெக்க சொல்றது. நான் எங்க தூங்குனேன்."

"அப்ப அந்தக் கொறட்ட?"

"உனுக்கோசரம் உட்டது."

வயிற்றுத் தையல் வலித்தது கூட எனக்கு மறந்துபோனது. எத்தனை ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு இந்த ஆளைத் திட்டியிருக்கிறேன்.

சோதனை முடிவு வர இன்னும் நாளாகும் என்றார்கள். அவர் கயிற்றைத் தன் கழுத்திலிருந்து அவிழ்த்து எனக்குக் கட்ட வந்தார். முதல் முடிச்சு விழுந்தது. பிறகு விரல் நின்றுவிட்டது. கல்யாணத்தில் இவர் போட்டது ஒரு முடிச்சுதான், மற்ற இரண்டையும் போட்டது நாத்தனார்.

"ஆத்தா பாத்துக்குவா," என்றேன். "நீ போடு."

போட்டார். அன்று சாயங்காலம் கட்டிலோரத்து நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குறட்டையே வரவில்லை.