ஏழாவது கட்டத்தில் நிற்கும் விளையாட்டு

கூரைக்கடி லொஃப்டிலிருந்து இறக்கிய பழைய வீடியோ கேம் பெட்டி இன்று மாலை சூடானபோது எழுந்த தூசி மணம், புலம்பெயர்ந்து வந்த புதிதில் நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே நாங்கள் இருந்த, இப்போது இடித்துவிட்ட அந்த அறைக்குள் என்னைத் தள்ளிவிட்டது: ஈரம் ஊறிய சுவர், ரீவியின் இரைச்சல், என் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து விளையாடும் அண்ணை.

இந்த விளையாட்டை வடிவமைத்தவர்கள் ஆளுக்கு மூன்று உயிர் தந்தார்கள், இடைநிறுத்த ஒரு பொத்தானும் தந்தார்கள். விட்ட இடத்தைச் சேமிக்க மட்டும் வழி வைக்கவில்லை, பாவிகள். அதனால்தான், அகதி வழக்கு முடியாமல் வாராவாரம் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போகும் அண்ணை, அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழாவது கட்டத்தில் நிறுத்திவிட்டு, “ஓவ் பண்ணாதை, அணைச்சால் எல்லாம் போயிடும், வந்து முடிப்பம்” என்றார்.

போன இடத்திலேயே அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பெட்டியின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தபடியே மூன்று நாள் இருந்தேன். வெள்ளிக்கிழமை, அவர் பெயருக்கு அர்ச்சனை செய்யப் புறப்பட்ட அம்மா, வீடு பூட்டுமுன் எப்போதும் செய்வதுபோல, சுவரிலிருந்த சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்தார். திருப்பி அனுப்பப்பட்ட அண்ணை கொழும்பில் இறங்கிய பிறகு என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

இன்று இரண்டாவது கொன்ட்ரோலரையும் செருகிவைத்து, தனியாக ஏழாவது கட்டம் வரை வந்து நிறுத்தினேன்.

“அதை ஓவ் பண்ணிப்போட்டுச் சாப்பிட வாங்கோ” என்று கீழேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

சுவர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.