வெறும் வயிற்றுப் புளி

ஆலங்காயம் நசருல்லா புளி வாங்கக் கிளம்பினால் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எதுவும் படாத நாக்குதான் உண்மை சொல்லும் என்பது அவருடைய அத்தா வைத்திருந்த கணக்கு. தகப்பனாரான அவரும் அதே தொழிலில் இருந்தவர். வாணியம்பாடி மண்டிக்காக ஜவ்வாது மலை ஏறி, வீடு வீடாகப் போய், குவித்து வைத்த புளியை வாயில் போட்டுத் தரம் சொல்வதுதான் வேலை. தண்ணீர் தெளித்துப் பிசைந்த பழம்புளி கண்ணுக்குப் புதுப்புளி போலவே இருக்கும். மழையில் நனைந்து உள்ளுக்குள் கெட்ட சரக்கை விரலால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாக்குதான் சொல்ல வேண்டும்.

நெல்லிவாசல் பக்கத்து ஊர்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மரத்தை உலுக்கியதும் விழுகிற முதல் பழத்தை, வாங்க வந்தவர் அந்த மரத்தடியிலேயே தின்ன வேண்டும். துப்பக் கூடாது. துப்பினால் மரத்தின் மேலேயே துப்பியது போல, அடுத்த வருஷம் காய்க்காது என்பார்கள். அதனால் நசருல்லா கொட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு சதையை விழுங்கிவிடுவார். மரத்தடியில் ஆரம்பித்த பழக்கம் வீட்டுக் குவியலுக்கும் வந்துவிட்டது. மாசி பிறந்ததிலிருந்து சித்திரை முடிய, தினமும் வெயில் ஏறும்வரை வெறும் வயிற்றில் புளி. அப்புறம் எங்காவது ஒரு டீ, ஒரு பீடி. பொழுது சாய வீடு திரும்பினால், பசியா எரிச்சலா என்று தெரியாத வயிற்றுக்குக் காரக் குழம்பு ஊற்றி ஒரு தட்டுச் சோறு.

நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு காசு அகலத்தில் எரியும். அதற்கு அவர் சட்டைப் பையில் ஆப்பச் சோடா பொட்டலம் வைத்திருந்தார். ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டால் பெரிய ஏப்பம் ஒன்று வந்து எரிச்சல் அடங்கும். நாளாக ஆகச் சிட்டிகை பெரிதாயிற்று, எரிச்சல் அடங்கும் நேரம் சிறிதாயிற்று.

1963 பங்குனியில், மலையிலிருந்து இறங்கும் வழியில் வாந்தி எடுத்தார். காப்பித்தூள் கரைத்தது போல இருந்தது. மண்ணைத் தள்ளி மூடி, துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தார். அத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் எரிச்சல், அப்புறம் வாந்தி, அப்புறம் கஞ்சித் தெளிவுகூட இறங்காமல் போய், அடுத்த பக்ரீதுக்கு ஆள் இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அவர் மனைவி ஜெய்புன்னிசா துண்டைத் துவைக்க எடுத்தவள், பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

"இது இன்னா?"

"புளிக் கறை."

"புளிக் கறை எனக்குத் தெரியாதா? நாளைக்கு வாணியம்பாடி பஸ்ஸுல ஏறுங்க. நானும் வர்றேன்."

வாணியம்பாடி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார், மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"வயித்துல புண்ணு. புத்துநோய் இல்ல, இப்போதைக்கு" என்றார். "காரம், புளி, டீ, பீடி எல்லாத்தையும் விடணும். இன்னா தொழில் பண்றீங்க?"

"புளிங்க."

"விக்கறதா?"

"திங்கறதுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது நசருல்லாவின் காதில் நின்றது ஒரு சொல்தான். இப்போதைக்கு. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினார். டீ இல்லை, பீடி இல்லை, சோறுகூட இல்லை. பாலும் ரொட்டியும் மட்டும். வயிறு உப்பிக்கொண்டது, தலை சுற்றியது, கை நடுங்கியது. மலச்சிக்கல் வேறு. லுங்கியின் மேல் கட்டும் பச்சை பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது, அப்புறம் இன்னொன்று. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக பெல்ட்டைப் போட்டுப் பார்ப்பார். அத்தாவும் கடைசியில் ஆணி வைத்துப் புது ஓட்டை குத்திக்கொண்டது ஞாபகம் வரும்.

மறுபடி போனபோது டாக்டருக்குக் கோபம் வந்தது. "விடணும்னு சொன்னேன், பட்டினி கிடக்கச் சொன்னேனா? இத்தனை வருஷமா கெடுத்த வயிறு. ஒண்ணொண்ணா மாத்துங்க. மருந்து அதோட வேலையைச் செய்யும். மீதி வேலை உங்க சமையல்கட்டுலதான் நடக்கணும்."

ஒன்றொன்றாக என்றால் எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. ஜெய்புன்னிசாவுக்கு விளங்கியது. "ஜுமாவுக்கு ஒண்ணு" என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் ஒரு மாற்றம். அது அடுத்த வெள்ளிவரை நிலைத்தால்தான் அடுத்தது. நிலைக்கவில்லை என்றால் அதையே இன்னொரு வாரம்.

முதல் வெள்ளிக்குள் டீயும் பீடியும் திரும்ப வந்திருந்தன. அவள் டீயைத் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சாமைக் கஞ்சியை வைத்தாள்.

"ஒரே ஒரு டம்ளர் டீ, ஜெய்பு. அப்பால கஞ்சி குடிக்கிறேன்."

"டீ எங்கயும் ஓடிப்போவாது. கஞ்சியக் குடிங்க, அப்பால அண்டாவுல போட்டுத் தர்றேன்."

கஞ்சி குடித்த பிறகு டீ அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. பிடிவாதத்துக்காகக் குடித்தார்.

அடுத்த வெள்ளி, பீடி சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதற்கடுத்தது, மதியம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் தட்டு முன்னால் உட்கார வேண்டும், எந்த வேலை இருந்தாலும். இரவுச் சாப்பாட்டை, அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்த கையோடு முடித்துவிட வேண்டும், முடித்ததும் படுக்காமல் ஏரிக்கரைவரை நடந்துவிட்டு வர வேண்டும். மிளகாயை அவள் யாருக்கும் சொல்லாமல் குறைத்துக்கொண்டே வந்தாள். "ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி கீது" என்று மகள் ஃபரீதா முகம் சுளித்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. புளிக்குப் பதில் தக்காளிகூட இல்லை. சுரைக்காய், பூசணிக்காய், பாசிப்பருப்பு, மணத்தக்காளிக் கீரை. மோரைப் புளிக்கவிடாமல் அன்றன்றைக்குக் கடைந்தாள்.

சாமை மலையிலிருந்து வந்தது. நெல்லிவாசல் பக்கத்து தசரதக் கவுண்டர் வீட்டில் நசருல்லா பல வருஷமாகப் புளி எடுத்துக்கொண்டிருந்தார். கவுண்டர் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் அவர் மனைவி ராணியம்மாள் குத்திய சாமையை ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தனுப்புவாள்.

ஆடியில் ஒரு கல்யாணம். பிரியாணி வாசனைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை எல்லாம் நிற்கவில்லை. இரண்டு நாள் சுருண்டு படுத்தார். எரிச்சல் பழைய இடத்திலேயே, பழைய அகலத்திலேயே. "அத்தாவுக்கு வந்ததுதான்" என்றார் சுவரைப் பார்த்து. "டாக்டர் மறைக்கிறாரு."

ஜெய்புன்னிசாவுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. அதைக் காட்டாமல், "உங்க அத்தா பிரியாணி துன்னுட்டா படுத்தாரு?" என்று கேட்டாள். "எழுந்திருங்க. மொத ஜுமாவுக்கே போய்ட்டு, அங்கருந்து வரலாம்." மறுபடி கஞ்சியிலிருந்து தொடங்கினார்கள்.

ஐப்பசி மழைக்குள் எரிச்சல் தினமும் வருவது நின்றது. நின்றதும் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. வலி இருந்தால் எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். இப்போது எங்கே ஒளிந்திருக்கிறதோ என்று வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்ப்பார். "மாவு பிசையிற மாதிரி பிசையாதீங்க. அதுக்கே புண்ணு வந்துடும்" என்று ஜெய்புன்னிசா கையைத் தட்டிவிடுவாள்.

பொங்கலுக்கு முன்னால் மண்டிக்காரர் முக்தார் அகமது வீட்டுக்கு வந்தார். நலம் விசாரித்துவிட்டுச் சற்று நேரம் குடைக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாசியில மலை ஏறுவீங்களா பாய்? முடியாதுன்னா சொல்லிடுங்க, தப்பில்ல. ராஜாக்கண்ணு கேட்டுக்கினே கீறான். அவனுக்கு நாக்கு கொஞ்சம் மட்டுதான், ஆனா வயிறு கல்லு."

"ஏறுவேன்" என்றார் நசருல்லா. சொல்லும்போதே கை பெல்ட்டுக்குப் போயிற்று. ராஜாக்கண்ணு ஒரு வருஷம் ஏறிவிட்டால் அந்த வீடுகள் அவனுடையவை ஆகிவிடும். நாக்கைத் தவிர வேறு தொழில் நசருல்லாவுக்குத் தெரியாது.

அந்த வருஷம் ரமலான் தை மாதத்தில் வந்தது. நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு விலக்கு உண்டு, சுகமானதும் வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் இமாமும் சொன்னார். ஆனாலும் மதியப் பாங்கு சொன்னதும், தெருவே வாய் காய்ந்து இருக்கும்போது, நோன்பு வைத்திருந்த ஜெய்புன்னிசா கதவைச் சாத்திவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைப்பாள். உப்பு சரியா என்று அவளால் பார்க்க முடியாது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையசைப்பார். சில நாள் உப்பே இருக்காது. அப்போதும் தலையசைப்பார்.

மாசி பிறந்து, மலையேறும் நாளும் வந்தது. அவருக்கு இப்போது இரண்டு பயம். கஞ்சி குடித்த நாக்கு பொய் சொன்னால் மண்டி போய்விடும். மரத்தடியில் துப்பினால் மலை போய்விடும். விழுங்கினால் என்ன போகும் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. விடியலில் கஞ்சி குடித்து, வெந்நீரில் வாயைக் கொப்பளித்து, மதியத்துக்கு ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தசரதக் கவுண்டர் மரத்தை உலுக்கினார். முதல் பழத்தை ஓடு நீக்கி இலையில் வைத்து நீட்டினார். ராணியம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நசருல்லா அதை வாயில் போட்டார். பல் கூசியது. வாய் முழுக்க நீர் ஊறியது. தொண்டை தானாக விழுங்கப் போனது. அதைக் கையைக் காட்டி நிறுத்துவது போல் நின்றுவிட்டு, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கவுண்டரே, என்னால முழுங்க முடியாது. வயித்துல புண்ணு. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு."

கவுண்டர் முகம் இறுகியது. "துப்பப் போறியா பாய்? உங்க அத்தா காலத்துலருந்து இந்த மரத்துல யாரும் துப்புனதில்ல."

"அத்தா முழுங்கித்தான் செத்தாருன்னு எனக்கு இப்ப தோணுது கவுண்டரே."

வாயில் நீர் சேர்ந்துகொண்டே இருந்தது.

"கொரங்கு தெனமும் கடிச்சிட்டுத் துப்புது" என்றாள் ராணியம்மாள். "மரம் காய்க்காமலா பூடுச்சி? அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"அது கொரங்குடி."

"இவரு கொரங்கவிட மோசமா பூட்டாரா? பாய், வேரண்ட துப்பி மண்ணைத் தள்ளு. மரத்தோடது மரத்துக்கே போவட்டும்."

கவுண்டர் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்து வேருக்குப் பக்கத்தில் ஒரு கொத்து கொத்திவிட்டுத் திரும்பிக்கொண்டார். நசருல்லா குனிந்து துப்பி, மண்ணைக் கையால் தள்ளி மூடினார்.

வீட்டுக் குவியல்களைப் பார்க்க வழக்கத்தைவிட நேரமானது. ஒவ்வொன்றையும் வாயில் வைத்து, துப்பி, கொப்பளித்து, மறுபடி வைத்தார். மூன்றாவது குவியலில் சந்தேகம் வந்தது. புளிப்புக்கு அடியில் கள் வாடை போல ஒன்று. நாக்குதான் பொய் சொல்கிறதோ என்று இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"இது நனைஞ்சது" என்றார், பாதி நம்பிக்கையில்.

கவுண்டர் அந்தக் குவியலைத் தனியே ஒதுக்கிவிட்டு, "ஓடைக்கரை மரம். மழை புடிச்சிக்கிச்சி" என்றார். பிறகு, "அடுத்த வருஷம் காய்ப்பு கொறைஞ்சா உன்னத்தான் வந்து கேப்பேன்" என்றார்.

"கேளுங்க. அடுத்த வருஷம் நான் இருந்தா நல்லதுதானே."

ராணியம்மாள் கட்டிக் கொடுத்த சாமைப் பையோடு இறங்கினார். பாதி வழியில் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. நின்றார். மறுபடி செய்தது, உள்ளே யாரோ கிள்ளியது போல. போன வருஷம் மண்ணைத் தள்ளி மூடிய இடம் அங்கிருந்து அதிக தூரம் இல்லை. துப்பியும் இறங்கிவிட்டதா? சாறு தொண்டையில் போயிருக்குமா? ஒரு பாறையில் உட்கார்ந்து பெல்ட்டைத் தளர்த்தினார். வியர்த்தது. ஜெய்புன்னிசாவிடம் என்ன சொல்வது, முக்தார் அகமதுவிடம் என்ன சொல்வது என்று ஓடியது மனம்.

வலியை அளந்து பார்க்கலாம் என்று நெஞ்சுக்குழிக்குக் கீழே விரலை வைத்தார். எரியவில்லை. அழுத்தினார். அங்கே ஒன்றும் இல்லை. கிள்ளல் அதற்கும் கீழே, வயிறு முழுக்க, காலியாகக் கிடக்கும் பானை போல. அது என்னவென்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பார்த்துப் பல வருஷமான ஒருவரை எங்கே பார்த்தோம் என்று யோசிப்பது போல யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நிழலைப் பார்த்தார். அது கால்மாட்டிலிருந்து கிழக்கே நீண்டுவிட்டது. மலையில் பாங்கு கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிருந்தது.

தூக்கைத் திறந்தார். கஞ்சி ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. ஒரு வாய் குடித்தார். காத்திருந்தார். இன்னொரு வாய். கிள்ளல் அடங்கியது. அப்புறம் காத்திருக்கவில்லை. தூக்கைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, மூடியில் இருந்ததையும் நக்கினார்.

பாறையிலிருந்து எழுந்து, தளர்த்திய பெல்ட்டை மறுபடி மாட்டி, சாமைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். நாலடி நடந்ததும், ஒரேயடியாகக் குடித்துவிட்டோமோ என்று அடுத்த கவலை வந்தது. அந்தக் கவலையோடு வேகமாக இறங்கினார்.