சோணைமுத்து மகள் எழுதியது

நாகஜோதிக்கு வாய் திறப்பதற்கு முன்னால் கை பேசிவிடும். அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், அவள் கொடுத்த அடியும் வாங்கிய அடியும்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகின்றன. தண்ணீர் லாரி வந்த ஒரு நாள் வரிசையில் முந்திய பெண்ணின் மண்டையைக் குடத்தால் உடைத்தாள். தையல் போட்டு வந்த அதே பெண்ணுக்கு அடுத்த லாரியில் தானே குடம் பிடித்துக் கொடுத்தாள். இப்படி ஒரு பிறவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடுகள் எங்களுடையவை. அவர்கள் கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், நாங்கள் சாத்தான்குளத்திலிருந்து. நான் ஆஷா. அவளும் நானும் ஒரே கல்லூரியில் பி.ஏ. தமிழ் படித்தோம். அவள் சண்டைக்குப் போவதும் நான் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பதுமாகவே அந்தப் படிப்பு முடிந்தது.

அவள் அப்பா சோணைமுத்து ஒரு பனியன் கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். அம்மா சீனியம்மாளுக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. சோணைமுத்துவை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன், அதிர்ந்து பேச மாட்டார். மகளுக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 2006ஆம் வருடம் ஆடி மாதம் ஒரு நாள் அவருக்கும் கோபம் வந்தது.

தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற ஒரு பெண் காய்ச்சலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். லேபர் காண்ட்ராக்டர் ராக்கையா அவளைப் பெல்ட்டால் வெளுத்தான். இவர் ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடித்தது மட்டும்தான், அடிக்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அயர்னிங் செக்‌ஷன் கதவைச் சாத்திவிட்டு, அவருடைய வலது கையை மேஜைமேல் விரித்து, கொதிக்கிற அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்தினார்கள். காலரை மடித்து அழுத்துவது போல நிதானமாக அழுத்தினார்கள். எடுத்தபோது உள்ளங்கைத் தோல் பெட்டியோடு வந்தது.

கம்பெனியே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது. 'தொழிலாளியின் கவனக்குறைவு, பெட்டி கை தவறியது' என்று எழுதி அவரிடம் இடது கைப் பெருவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டது. யார் கேட்டாலும் அவர் அதையே சொன்னார். நாகஜோதி விடவில்லை. சோறு தின்னாமல், பேசாமல், தலையைச் சுவரில் மோதி மோதிக் கேட்டாள். கடைசியில் ஒரு நாள் உடைந்தார்.

"ராக்கையாவும் இன்னொருத்தனும் புடிச்சாய்ங்க. ராக்கையாதான் வச்சான். வெளிய சொன்னியன்னா நம்மள உசுரோட விட மாட்டாய்ங்க ஆத்தா" என்று அழுதார்.

இவள் வெளியே சொன்னாள், எழுத்தில். எங்கள் கல்லூரியில் மாணவர்களே நடத்திய மாதப் பத்திரிகை ஒன்று இருந்தது. நாலு பக்கம், அதில் பாதி பண்டிகை வாழ்த்து. அதற்கு ராக்கையாவின் பெயரும் கம்பெனியின் பெயரும் போட்டு ஒரு கட்டுரை எழுதினாள். என்னைப் படிக்கச் சொன்னாள்.

"பேர் போடாம குடுட்டி. ஒரு வாசகின்னு போட்டுக்கிடலாம்" என்றேன்.

"மக எழுதுனாத்தான் சாட்சி. மத்தவ எழுதுனா அது வெறுங்கதை" என்றாள்.

அதன் கீழே 'சோணைமுத்து மகள் நாகஜோதி' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தாள். விஷயம் தெரிந்த அன்று சித்தப்பா இடது கையாலேயே அவளை அடித்தார். அவள் உதடு கிழிந்தது. அவர் மூலையில் போய் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்திரிகை ஆசிரியன் சதீஷ்குமார், எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவன். சாமளாபுரத்தில் அவன் அப்பா கிட்டுசாமிக்குத் தறிக்கூடம், இங்கே ஒரு சின்ன எக்ஸ்போர்ட் யூனிட். மரியாதைக்காரன். பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவான். பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் அவள் கட்டுரை, ஒரு வரி குறையாமல். 'என் அப்பா' என்ற இடங்களில் மட்டும் 'ஒரு தொழிலாளி' இருந்தார். கீழே 'சதீஷ்குமார், மூன்றாமாண்டு' என்று போட்டிருந்தது.

அதற்குள் பேராசிரியர்கள் அவன் முதுகைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். மாநில அளவிலான போட்டிக்கு அனுப்பப் போவதாகவும் பேச்சு. நாங்கள் பத்திரிகை அறைக்குள் நுழைந்தபோது அவன் சிரித்த முகமாக எழுந்து நின்றான்.

"வாங்க நாகஜோதி. மெட்டீரியல் ரொம்ப அருமைங்க."

"எம் பேரு எங்க?"

"ஏனுங்க, இதிலென்ன தப்புங்க? நம்மூர்ல தெக்கறது ஒருத்தரு, லேபிள் வெக்கறது ஒருத்தரு. எங்க யூனிட்ல தெக்கற டீசர்ட்டுக்குப் பூராவும் வெளிநாட்டுக்காரன் லேபிள்தானுங்க வெக்கறோம். எங்கப்பா ஒரு நாளாச்சும் வருத்தப்பட்டிருக்காருங்களா? நீங்க எழுதுனா எவன் படிப்பானுங்க? வேணும்னா அடுத்த இதழ்ல 'தகவல் உதவி நாகஜோதி'ன்னு போட்டுடறனுங்க."

அவன் அதை நடிப்பாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. ஊர் முழுக்க இப்படித்தானே நடக்கிறது, இதற்கு ஏன் இந்தப் பெண் குதிக்கிறாள் என்று நிஜமாகவே குழம்பி நின்றான். உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று பார்க்காமல் லேபிள் தைத்தவன் அவன்.

மேஜைமேல் இருந்த இரும்பு ஸ்டேப்ளர் பறந்தது. அவன் புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. நாகஜோதி மேஜையைத் தாண்டிப் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். "அது எங்கப்பன் தோலுடா! அதுக்கா லேபிள் வைக்கிற?" என்று கத்திக்கொண்டே அவன் தலையைப் பீரோவில் மோதினாள். நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து பிரித்தோம். என் முழங்கையில் அவள் நகம் கீறிய தடம் இன்னும் இருக்கிறது.

துறைத் தலைவர் விசாரித்தார். பத்திரிகை கல்லூரியின் சொத்து, அதில் வருவது எல்லாருக்கும் பொது என்று தீர்ப்புச் சொன்னார். திருடியவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பறிகொடுத்தவளை ஒரு வாரம் வகுப்புக்கு வரக்கூடாது என்றார். வெட்கம் என்பது கொஞ்சமாவது இருக்க வேண்டாமா அந்த மனிதருக்கு?

அந்த வாரம் முடிந்து அவள் திரும்பி வந்த நாள், மத்தியானம் கல்லூரி விட்ட நேரம். கேட்டுக்கு எதிரே டீக்கடை முன்னால் பைக்குகள் வந்து நின்றன. ராக்கையாவும் அவன் ஆட்களும் இறங்கினார்கள். ராக்கையா கையில் சைக்கிள் செயின், இன்னொருவன் கையில் பத்திரிகை.

"எவன்டா சதீஷ்குமாரு?"

பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவன் பெயரைக் கேட்டதும் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டான். முதல் வீச்சு அவன் தோளில் இறங்கியது. இரண்டாவதில் மூக்கு உடைந்தது. கீழே விழுந்தவனின் விலாவில் இன்னொருவன் செருப்புக் காலால் மிதித்தான். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைக் காப்பாற்றத்தான் டீக்கடைக்காரருக்கு நேரமிருந்தது. மாணவர்கள் கேட்டுக்குள் ஓடி, கேட்டைச் சாத்திக்கொண்டார்கள்.

நாங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். முதல் அடி விழுந்தபோது நாகஜோதியின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் வந்தது. அடுத்தடுத்து விழ விழ அவள் முகம் மாறியது.

சதீஷ்குமார் மண்ணில் புரண்டுகொண்டே அலறினான். "நா எழுதலீங்ணா! சத்தியமா நானில்லீங்ணா! அந்தா நிக்குதுங்ணா, அந்தப் புள்ளதானுங்ணா எழுதுச்சு!"

ரத்தம் சொட்டும் விரலால் எங்களைக் காட்டினான். அத்தனை பேர் நடுவில் அவன் ஒப்புக்கொண்டது அப்போதுதான். ராக்கையா திரும்பிப் பார்த்தான். பஸ் வந்து நின்றது. நான் அவளை ஏற்றப் பார்த்தேன். "ஏறுட்டி, ஏறுட்டி, உன் காலப் புடிக்கேன்" என்று கெஞ்சினேன். அவள் என் கையை உதறிவிட்டு நடுரோட்டுக்குப் போனாள்.

"நான்தான் எழுதுனேன். சோணைமுத்து மக. அவன விடு."

"அப்பன் கையக் கருக்குனதப் பாத்துமா ஒனக்குப் புத்தி வரல?" என்றான் ராக்கையா.

"கேட்டுக்கங்க! எல்லாரும் கேட்டுக்கங்க! கருக்குனேன்னு அவன் வாயாலயே சொல்றான்!" என்று நாகஜோதி கூவினாள்.

செயின் அவள் கன்னத்தில் விழுந்தது. சதை வாய்வரை கிழிந்தது. துப்பியபோது பற்களும் விழுந்தன. விழுந்தும் அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவன் அவள் முதுகில் வீசிக்கொண்டே இருந்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கையிலிருந்த டிபன் கேரியரை அவன் பிடரியில் ஓங்கிப் போட்டேன். அதற்குள் ஷிப்ட் மாறி வந்த கம்பெனி ஆட்கள் கூடிவிட்டார்கள். கல் பறக்க ஆரம்பித்ததும் பைக்குகள் ஓடின.

மறுநாள் பேப்பரில், கட்டுரை எழுதிய மாணவர் சதீஷ்குமார் மீது கொலைவெறித் தாக்குதல் என்று வந்தது. அவ்வழியே சென்ற மாணவி ஒருவரும் காயம். பெரியாஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தவளுக்கு நான் அதைப் படித்துக் காட்டினேன். தையல் போட்ட வாயை வைத்துக்கொண்டு, "அடியையும் அவன் பேர்லயே எழுதிட்டாய்ங்க" என்றாள். அதைக் கேட்டு நான்தான் அழுதேன்.

போலீஸ் ராக்கையாவைப் பிடித்தது, கிட்டுசாமியின் மகன் மூக்குக்காக. பனியன் கம்பெனி சும்மா இருக்கவில்லை. அந்தக் கட்டுரை சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வரைக்கும் போய்விட்டதாம். பெயரைக் கெடுத்துவிட்டதாக முதலாளி கோர்ட்டில் அவதூறு வழக்குப் போட்டார். சதீஷ்குமார் தான் எழுதவே இல்லை, எழுதியது நாகஜோதி என்று எழுதிக் கொடுத்தான். அதனால் நாகஜோதியும் கூண்டுக்கு வந்தாள்.

எங்கள் பக்கத்து வக்கீலம்மா அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "அச்சுல இருக்கறது அந்தப் பையன் பேரு. நீ எழுதுனதுக்கு ஆதாரமே இல்ல. எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு கண்ணு. அவன் பாடு, கம்பெனி பாடு."

சீனியம்மாள் சித்தி மகள் காலிலேயே விழுந்தார். நானும் சொன்னேன். எழுதவில்லை என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம். எழுதினேன் என்றால் ஜெயிலுக்கே போக வேண்டி வரலாம். சித்தப்பா வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி கேட்டதும், கன்னத் தழும்பு இழுத்துக்கொண்ட வாயால் அவள் சொன்னாள்.

"எழுதுனது நான்தாங்கய்யா. ஒவ்வொரு எழுத்தும் நான். குத்தம்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன்."

முன்வரிசையில் முதலாளி பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எழுதியதெல்லாம் நிஜம் என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று நீதிபதி கேட்டார். அவள் கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. சோணைமுத்து சித்தப்பா எழுந்து நடந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப் போயிருந்தன. இடது கையால் அவற்றைப் பிரிக்கப் பிரிக்கப் பேசினார்.

"எம் மக எழுதுனதுல ஒரு தப்பு இருக்குங்கய்யா. நாந்தான் பயந்துக்கிட்டு அவகிட்ட மாத்திச் சொல்லிட்டேன். ராக்கையாவும் இன்னொருத்தனும் கையப் புடிச்சாய்ங்க, அம்புட்டுத்தான். பொட்டிய வச்சு அழுத்துனது அந்தா உக்காந்திருக்காரு, எங்க மொதலாளி."