இரண்டு மண்வெட்டிக் காம்பு அகலம்

வங்கிக் காகிதத்தில் கையெழுத்து வாங்க, வாழவந்தி நாடு என்கிற எங்கள் மலைக் கிராமத்தில் வாய்க்காலை ஒட்டிக் கட்டியிருக்கும் வீடுகளில் ஒன்றுக்குப் போயிருந்தேன். யாரோ சேற்றை வாரிக் கரையில் போட்டிருந்தார்கள். அந்த வாசம் என்னை ஏழாம் வகுப்புக்கு இழுத்துப் போனது.

அப்போது இந்த இடம் அம்மாவின் அண்ணனுடைய வயல். ஓடைத் தண்ணீர் அவர் வயலைத் தாண்டித்தான் எங்கள் வயலுக்கு வரவேண்டும். வருசத்துக்கு ஒருநாள் எல்லோரும் சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாருவோம். அந்த வருசம் மாமா தன் வயலுக்குள் நின்று சொன்னார்:

"மாப்ள, இங்க ரெண்டு மம்முட்டிக் காம்பு அகலத்துக்கு வெட்டிப்போடலாமுங்க. உங்க காட்டுக்குத் தண்ணி தட்டாம வரும்."

"பாத்தியா சாமி, உன்ர மாமனுக்கு இன்னைக்குத்தான் நம்ம மேல பாசம் பொங்குது!" என்று என்னைப் பார்த்துச் சிரித்த அப்பா, பொழுது சாயும்வரை வெட்டினார். மாமா ராகிக்களியும் கோழிக்குழம்பும் போட்டார். அப்பாவால் களியை உருட்ட முடியவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

அந்த வயலை மாமா அதற்கு முந்தின வாரமே வீடு கட்டி விற்கும் கம்பெனிக்கு விற்று எழுதிக் கொடுத்திருந்தார். வாங்கியவர்கள் கேட்டது வாசலில் தண்ணீர் நிற்கும் அகலமான வாய்க்கால். மாமாவின் எல்லை முடிகிற இடத்தில் மதகு வைத்துப் பூட்டினார்கள். எங்கள் நெல் பால் பிடிக்காமலே காய்ந்தது.

"வாய்க்கால் எவ்வளவு அழகா இருக்கு பாத்தீங்களா தம்பி? கம்பெனிக்காரங்க வெட்டினது," என்றார் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரப் பெண்மணி.

"இல்லீங்க. எங்கப்பா வெட்டினதுங்க."

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார்.