நார்மண்டின் ஒரே விண்டோஸ் ஞாயிறு

நார்மண்ட் ஜெர்வே பிறந்த வீடு கம்பெனியுடையது. கனடாவில் டிம்மின்ஸ் நகருக்குக் கிழக்கே, தங்கச் சுரங்கத்தை ஒட்டி வரிசையாக நின்ற நாற்பது வீடுகளில் ஒன்று. மளிகைக் கடை கம்பெனியுடையது. ஹாக்கி ஆடும் கொட்டகையும் கம்பெனியுடையதுதான். அப்பா பாறை சரிந்து செத்துப்போனபோது, வீட்டைக் காலி செய்ய முப்பது நாள் தந்தார்கள். நார்மண்டுக்கு அப்போது வயது பதினொன்று, அண்ணன் ரேயாலுக்குப் பதின்மூன்று. சாமான்களைப் பனிச்சறுக்குப் பலகையில் கட்டி இருவரும் இழுத்துக்கொண்டு போனார்கள். எதிர்ப்பட்டவர்கள் தொப்பியைக் கழற்றினார்களே தவிர, யாரும் வந்து ஒரு கை கொடுக்கவில்லை.

நார்மண்ட் பின்னாளில், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸைப் பிடித்துக்கொண்டதற்கு எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை. சுரங்கத்தின் மின்பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருவர் பழைய கணினிக்கு என்று லினக்ஸ் இருந்த ஒரு குறுந்தட்டைக் கொடுத்தார். காசு வேண்டாம், உரிமம் வேண்டாம், இது யாருடையதும் இல்லை என்றார். யாருடையதும் இல்லை என்ற அந்தச் சொல்லை நார்மண்ட் விடவே இல்லை. கல்யாணம் முறிந்து தனியாக இருந்த வீட்டில் அதன் பிறகு வெகுகாலம் விண்டோஸ் நுழையவில்லை.

லினக்ஸில் விளையாடுகிறவர்களின் இணைய மன்றம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் இருந்தார், அதில் ஒன்பது ஆண்டுகள் நடுவராக. எந்த விளையாட்டு ஓடும், எது ஓடாது, ஓடாததை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் அங்கே பொறுமையாகச் சொல்லித் தருவார். ஒரே ஒரு விஷயத்தில்தான் பொறுமை கிடையாது. ஒரு கணினியில் லினக்ஸையும் வைத்துக்கொண்டு, விளையாடுவதற்கு மட்டும் விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “நீ அந்தப் பக்கம் ஏறி விளையாடுற ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்காரன் உன்னை அவன் ஆளாத்தான் எண்ணுறான். அப்புறம் லினக்ஸ்ல ஆளே இல்லைன்னு சொல்றான். அதுல என்ன தப்பு?” என்று அவர் எழுதியதை மன்றத்தின் முகப்பிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். அதைக் காட்டிக் காட்டிப் பலரைத் தலைகுனிய வைத்திருக்கிறார். சிலர் அதோடு மன்றத்தை விட்டே போனார்கள்.

ரேயால் ஆல்பர்ட்டாவில், ஃபோர்ட் மக்மரியில், எண்ணெய் மணல் வயலில் லாரி ஓட்டினார். அண்ணனும் தம்பியும் தொலைபேசியில் பேசத் தெரியாதவர்கள். பனி பெய்கிறதா, கார் ஓடுகிறதா, அவ்வளவுதான், இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். ஆனால் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, ரேயாலுக்கு அங்கே பன்னிரண்டு, இருவரும் ஓர் இணையப் போர் விளையாட்டில் ஒரே டாங்கிக்குள் ஏறிக்கொள்வார்கள். ரேயால் ஓட்டுவார், நார்மண்ட் சுடுவார். கண் எதிரியின் மீது இருக்கும்போது வாய் தானாகத் திறந்தது. அம்மா கடைசியாகக் கேட்ட பட்டாணி சூப்பைப் பற்றி, நார்மண்டின் மனைவி போனதைப் பற்றி, ரேயால் குடியை நிறுத்தியதைப் பற்றி எல்லாம் டாங்கிக்குள்தான் பேசினார்கள். எட்டு வருடம் இப்படி நடந்தது.

நவம்பரில் விளையாட்டின் கம்பெனி ஒரு மோசடித் தடுப்பு நிரலைச் சேர்த்தது. கணினியின் அடிமட்டம் வரை இறங்கி உட்கார்ந்து, ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் காவலாளி. லினக்ஸில் அது இறங்காது. லினக்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியே நின்றார்கள்.

மன்றம் கொதித்தது. அந்நியன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதா என்றார்கள் சிலர். நூற்றில் மூன்று பேருக்காக எவன் மெனக்கெடுவான் என்றார்கள் சிலர். நார்மண்ட் மனு எழுதினார், நாலாயிரம் கையெழுத்து சேர்ந்தது. ரேயால் விஷயத்தை லேசாகத்தான் எடுத்துக்கொண்டார்.

“ஒரு டிஸ்க் வாங்கி விண்டோஸைப் போட்டுத் தொலைடா. என்ன, கர்த்தர் கோவிச்சுக்குவாரா?”

“ரெண்டு வாரம் பொறு. திறந்துடுவானுங்க.”

“ரெண்டு வாரம், ரெண்டு வாரம்னுதான் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓட்டிட்டே. இங்க எனக்கு சுட ஒரு பொடியன் வந்து சேர்ந்திருக்கான். மரத்தைக் கண்டாலும் சுடுறான்.”

பிப்ரவரியில் நார்மண்டால் முடியவில்லை. அலமாரியில் கிடந்த பழைய வன்வட்டில் விண்டோஸை ஏற்றினார். திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் செய்தார் என்று பின்னால் அவரே சொன்னார். அந்த ஞாயிறு இரண்டு மணிக்கு டாங்கிக்குள் ஏறினார். ரேயால் “வந்தியா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மூன்று மணி நேரம் ஆடினார்கள். நடுவில் ரேயால், “நார்ம், இந்த ரவுண்டு முடியட்டும், ஒண்ணு சொல்லணும்” என்றார். அந்தச் சுற்றில் ஜெயித்துவிட்டார்கள். ஜெயித்த சிரிப்பில் அடுத்த சுற்று தொடங்கியது. பிறகு ரேயாலின் மனைவி லீஸ் சாப்பிடக் கூப்பிட்டாள். சரி, அடுத்த வாரம் என்றார் ரேயால்.

திங்கட்கிழமை மன்றத்தில் ஒருவர் படம் ஒன்றைப் போட்டார். அந்த விளையாட்டில் ஆட்ட முடிவுகள் எல்லோருக்கும் தெரியும்படி பட்டியலாக வரும். அதில் நார்மண்டின் பெயர். நவம்பருக்குப் பிறகு விண்டோஸ் இல்லாமல் அந்தப் பட்டியலில் யாருடைய பெயரும் வர முடியாது. கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: “நடுவர் ஐயா, உங்களை எந்தப் பக்கம் எண்ணுறது?”

நார்மண்ட் பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையில் அதைப் படித்தார். உண்மையைச் சொல்ல இரண்டு வரி போதும். அண்ணனோடு பேச வேறு வழி இல்லை என்று எழுதினால் பாதிப் பேராவது விட்டிருப்பார்கள். ஆனால் அவர் யாரையும் அப்படி விட்டதில்லை. தன் பெயரை மருமகன் பயன்படுத்திவிட்டான், கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன் என்று எழுதினார். நம்பினார்கள். சந்தேகப்பட்டவரைத் திட்டக்கூடச் செய்தார்கள்.

பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தப் பெயர் பட்டியலில் இன்னொரு முறை வரக் கூடாது. வேறு பெயரில் போகலாம் என்று தோன்றத்தான் செய்தது. அது முதல் பொய்யைவிடக் கேவலமாகப் பட்டது. அன்று சாயங்காலமே வட்டை அழித்தார். ரேயாலுக்கு, கொஞ்ச நாள் வர முடியாது, கம்பெனி சீக்கிரம் திறந்துவிடும் என்று போனில் செய்தி அனுப்பினார். சரி என்று பதில் வந்தது.

மார்ச் போனது. ஏப்ரல் கடைசியில் லீஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். நுரையீரல் என்றாள். பார்க்கணும்னா இப்பவே வா என்றாள். டொரோன்டோவில் விமானம் மாறி நார்மண்ட் போய்ச் சேர்ந்தபோது ரேயாலின் வாயில் குழாய் இருந்தது. கண் திறந்திருந்தது. இவரைத் தெரிந்ததா என்று நர்ஸுக்கும் சொல்லத் தெரியவில்லை. நார்மண்ட் பனி பெய்வதைப் பற்றிப் பேசினார். மறுநாள் காலை ரேயால் இறந்தார்.

அடக்கத்துக்கு முந்தின நாள் லீஸ் அவரை ரேயாலின் கணினி முன் உட்கார வைத்தாள். ஃபோட்டோ எல்லாம் இதுக்குள்ள, கடவுச்சொல் எனக்குத் தெரியாது, உனக்குத்தான் இதெல்லாம் வருமே என்றாள். வந்தது. ஐந்து நிமிடத்தில் திறந்தார். படங்களை எடுத்துக் கொடுத்தார். விளையாட்டு திறந்தபடியே இருந்தது. ஓரத்தில் ரேயால் அனுப்பிய செய்திகளின் பட்டியல். எல்லாம் நார்மண்டின் பெயருக்கு, விளையாட்டுக்குள்ளேயே அனுப்பியவை. உள்ளே ஏறினால்தான் படிக்க முடியும், அது ரேயாலுக்குத் தெரியாது.

வாரத்துக்கு ஒன்றாக ஒன்பது செய்திகள். “இருக்கியா?” என்று முதல் இரண்டு. “பொடியன் இன்னிக்கு நம்ம டாங்கியையே சுட்டான்” என்று ஒன்று. நான்காவதில், “நார்ம், நுரையீரல்ல என்னமோ இருக்காம். போன்ல சொல்ல வாய் வரல. ஞாயித்துக்கிழமை நீ ஏறினா பேசலாம்.” அடுத்ததில், “படிச்சியா?” அதற்குப் பிறகு வந்தவற்றில் வண்டி, வானிலை. கடைசிச் செய்தியில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

லீஸ் பின்னால் நின்று படித்தாள்.

“உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சோம்” என்றாள். “தெரிஞ்சும் நீ போன் பண்ணலேன்னு நான் உன்மேல கோவமா இருந்தேன். ரேயால்தான், அவன் கூச்சப்படுவான், விடுன்னாரு.”

அவள் ஃபோட்டோக்களை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனி லினக்ஸுக்குக் கதவைத் திறந்தது. அறிவிப்பு மொத்தமே மூன்று வரிதான். மன்றத்தில் நார்மண்டுக்கு நன்றி சொல்லி ஆறு பக்கம் எழுதினார்கள். விட்டுக்கொடுக்காமல் நின்ற மனிதர் என்றார்கள். அதற்குக் கீழே அவர் எல்லாவற்றையும் எழுதினார். படம் உண்மை, மருமகன் பொய், அந்த ஒரு ஞாயிறு, ஒன்பது செய்திகள். முகப்பில் இருந்த தன் வாசகத்தை எடுத்தார், நடுவர் பொறுப்பை விட்டார்.

விவாதம் பதினேழு பக்கம் போனது. ஒரு நாள் விண்டோஸில் ஏறினால் கணக்கில் சேருமா என்று கேட்டார்கள். அவர் பொய் சொன்னதால் மனுவின் மதிப்பு போய்விட்டதா என்று கேட்டார்கள். எங்களுக்கு மட்டும் அன்றைக்கு இரக்கம் காட்டினீர்களா என்று, முன்பு மன்றத்தை விட்டுப் போன ஒருவர் திரும்பி வந்து கேட்டார். அண்ணன் இறந்ததற்கு வருத்தம் என்று மூன்று பேர் எழுதினார்கள். மூவரும் அதற்கு அடுத்த வரியிலேயே விவாதத்துக்குப் போய்விட்டார்கள்.

நார்மண்ட் எல்லாவற்றையும் படித்தார். ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. பதினேழாம் பக்கத்தில், புதிதாகச் சேர்ந்த யாரோ, இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேராமல், வெறுமனே கேட்டிருந்தார்: அந்தப் பழைய வட்டில், அந்த ஞாயிறு, விளையாட்டு எப்படி ஓடியது?

அதற்கு மட்டும் எழுதினார். “நல்லா ஓடிச்சு. மூணு மணி நேரம், ஒரு தடவை கூட நிக்கல.”